பாஷை ஐயா

மேயரின் அறைக்குள் எங்கள் சனம் கோபமாகத்தான் போகும். என்ன சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த வார்த்தைகள் மேசையைத் தாண்டி மேயரின் காதுக்குப் போய்ச் சேரும்போது அவற்றில் கோபம் இருக்காது. கெஞ்சல் இருக்கும், கும்பிடு இருக்கும். நடுவில் நின்று இந்தக் காரியத்தைச் செய்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நகரத்தின் பெயரும் வேண்டாம்; இலங்கை மலையகத்தில், ஊவாவில் மேயர் இருக்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆட்கள் அவரைப் பாஷை ஐயா என்று கூப்பிட்டார்கள். நான் சேர் என்று கூப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்த் தட்டெழுத்தாளராக அந்த ஊர் மாநகர சபையில் போய்ச் சேர்ந்தேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஒரே ஓடையில் குளித்து, ஒரே பாதையில் நடந்து வளர்ந்ததால் சிங்களம் எனக்குத் தமிழ் மாதிரியே வரும். நேர்முகப் பரீட்சையில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேயர் அலுவலகத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மேயரும் வரும்போது தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார். பிரத்தியேகச் செயலாளர் ஒருவர், இணைப்புச் செயலாளர் என்று கட்சிக்காரர் ஒருவர், டிரைவர், வாசலில் நிற்க இரண்டு பேர், தொலைபேசி எடுக்க மேயரின் மனைவி வழியில் ஒரு பெண். ரோடு கூட்டுவதற்கென்று எடுத்தவர்களில் சிலர் மேயர் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்கும் இடமிருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாற்காலிக்கு மட்டும் ஆள் போடவில்லை. நான் இருந்த காலம் முழுக்க அது வெற்றிடம்தான். அதற்குப் பதிலாகப் புதன்கிழமைகளில், பொதுமக்கள் வந்து மேயரைப் பார்க்கும் நாளில், கீழ்மாடியில் வீடுகளுக்குச் சோலைவரி அறவிடுகிற பகுதியிலிருந்து பாஷை ஐயாவை மேலே கூப்பிடுவார்கள். எழுதுவினைஞர் வேலையோடு கூடுதல் கடமை. மேயர்கள் மாறினார்கள். இவர் மாறவில்லை.

யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்து உயர்ந்த உருவம், மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஆட்கள் பேசும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியை மாட்டி, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு மேயர் பக்கம் திரும்புவார். அவருடைய சிங்களம் எழுத்துச் சிங்களம். சந்தையில் விலை கேட்கிற அளவு சிங்களம் தெரிந்த எங்கள் பெண்களுக்கு அதில் பாதி கூடப் பிடிபடாது. யார் என்ன சொல்லியிருந்தாலும் அவர் முடிக்கிற விதம் ஒன்றுதான்: "கருணாவெங் இல்லா சிட்டினவா, சேர்." தயவாய்க் கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

முறைப்பாட்டைக் குறித்துக்கொள்வதற்காக அறையின் மூலையில் எனக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். முதல் புதன்கிழமையே எனக்கு உடம்பு சூடேறிவிட்டது.

பூனாகலைப் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டுவந்து நடைபாதையில் விற்கிற ஒரு பெண் வந்திருந்தாள். சபையின் ஆட்கள் அவளுடைய கூடையைத் தூக்கி ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் கொட்டியிருந்தார்கள். அவள் மேயரை நேராகப் பார்த்து, உங்கள் வீட்டுச் சோற்றை எவனாவது இப்படிக் கானில் கொட்டினால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டாள். பாஷை ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்தப் பெண் வியாபாரம் செய்ய ஒரு சிறிய இடம் இருந்தால் உதவியாக இருக்கும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறாள் என்றார். மேயர் அவளைப் பார்க்காமல், செயலாளரிடம் திரும்பி, இனி அந்தப் பக்கம் இவளைக் கண்டால் பொலிசில் பிடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், அதைச் சொல்லி அனுப்பு என்று வேகமாகச் சொன்னார். பாஷை ஐயா அவளிடம் திரும்பி, இப்போதைக்கு இடமில்லையாம், பேந்து பார்ப்பம் எண்டு ஐயா சொல்லுறார் என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பார்ப்போம் என்றுதானே சொன்னார் என்ற நம்பிக்கையில் அடுத்த வாரம் அதே இடத்தில் சாக்கு விரித்தாள். பொலிஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. மேயர் உண்மையில் சொன்னது அவளுக்குத் தெரிந்திருந்தால் ஒன்று வராமல் இருந்திருப்பாள், இல்லையென்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பாள். இரண்டுமே நடக்கவிடாமல் செய்தது அவருடைய இதமான பேச்சு.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது வேறொன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேயரைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொள்வார்கள். தங்கமான மனுசன், கீழே இருக்கிறவனுங்கதான் ஒன்றும் செய்யவிட மாட்டேங்கிறானுங்க என்பார்கள். தேர்தல் வந்தால் அந்தத் தங்கமான மனுசனுக்கே வாக்குப் போடுவார்கள். அவர் வாயிலிருந்து இவர்களைப் பற்றி வந்த வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்தால் நான் நியாயமாக எழுதியதாகாது. யுத்தத்தின், சோதனைச் சாவடிகளின் காலம் அது. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுப் பொங்கலுக்கு வந்த இரண்டு இளைஞர்களை அடையாள அட்டை இல்லையென்று பொலிஸ் பிடித்து வைத்துக்கொண்டது. ஒருவன் எனக்குத் தூரத்து உறவு. அவனுடைய அம்மா அலுவலகத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, யாரும் கேட்காமலே பாஷை ஐயா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பொலிஸ் நிலையத்தின் வாசலில் நாங்கள் காத்து நின்றோம். உள்ளே அவர் பொறுப்பதிகாரியின் முன்னால் அதே மாதிரிக் கைகளைக் கோத்துக்கொண்டு, அதே தாழ்ந்த குரலில், அதே கருணாவெங் போட்டுப் பேசிக்கொண்டே நின்றார். ஏசினார்கள், நின்றார். வெளியே போகச் சொன்னார்கள். கொஞ்சம் தள்ளி நின்றார். மத்தியானம் கழிந்து பையன்கள் இருவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த அம்மா காலில் விழப் போனபோது பதறிப் பின்வாங்கி, எழும்புங்கோ அம்மா, எழும்புங்கோ என்றார். அன்றைக்கு அந்த நாக்கு இரண்டு உயிரைக் காப்பாற்றியது. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் தேநீர் நேரத்தில் அவரிடம் நேரடியாகக் கேட்டேன். பொலிசில் அப்படிப் பேசியது சரி சேர், ஆனால் மேயரிடம் எங்கள் ஆட்கள் சொல்வதை ஏன் அப்படியே சொல்வதில்லை என்று கேட்டேன்.

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்பத்து மூன்று கலவரத்தில் நடந்ததைச் சொன்னார். அப்போது அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். கும்பல் ஒன்று கேற்றடிக்கு வந்தது. இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், தனக்குத் தெரிந்த மிக மரியாதையான சிங்களத்தில் அவர்களோடு பேசினார். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து அவர்களை ஏசிக் கத்தினாராம். அந்த வீடு எரிந்தது. அடுத்த மாதமே மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணம் போய், பிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் வேலைக்காக இங்கேயே தங்கிவிட்டார்.

"உம்மட ஆக்களின்ர கோவத்தை அப்பிடியே கொண்டுபோய் மேசையில வைச்சால், கதவைச் சாத்திப்போடுவினம், பிள்ளை. நான் கதவு திறந்திருக்கப் பாக்கிறன்."

எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போன எங்கள் ஆட்கள்தான் ஒன்றுமில்லாமல் வெளியே வருகிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. எரிந்த வீட்டைப் பற்றிக் கேட்ட கையோடு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அதன் பிறகு வந்தவள் ராக்கம்மா.

நகரத்தின் எல்லையைப் பெருப்பித்தபோது ஒரு பழைய தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயம் சபைக்குள் வந்தது. தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிப் போயிருந்தாலும் சனம் அதே லயத்தில்தான் இருந்தது. லயத்துக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர். அதற்கு மேலே போகிற ரோட்டைச் சபை அகலமாக்கியபோது வெட்டிய மண்ணையெல்லாம் சுவர்ப் பக்கமாகவே தள்ளிவிட்டார்கள். ராக்கம்மா அந்த லயத்தில் இருந்தவள். புருஷனுக்கு மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் கூலி வேலை. அவள் வேறு தோட்டத்தில் நாட்கூலியாய்க் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் ஒரு புதன்கிழமை வந்தாள், அடுத்த புதன்கிழமையும் வந்தாள். இரண்டு முறையும் பார்ப்போம் என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது முறை வந்தபோது உட்காரவில்லை.

"சொவரு நெறமாசக்காரி மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்க. மழ புடிச்சா நாங்க அம்புட்டுப் பேரும் மண்ணுக்குள்ளதான். ஒங்க மண்ணு அது, எங்க மண்ணு இல்ல. இந்த வாரத்துக்குள்ள அள்ளலன்னா புள்ளகுட்டியோட வந்து மெயின் ரோட்டுல குந்திருவோம். ஒரு பஸ் போவாது."

பாஷை ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளைக் கோத்தார். லயத்துக்குப் பின்னாலுள்ள பழைய சுவரை, சபைக்கு வசதிப்படும்போது திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறார்கள் என்றார். அடுத்த வருஷ வரவுசெலவு மதிப்பீட்டில் போடுங்கள் என்று மேயர் செயலாளரிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். சேர், இந்தப் பெண் சொன்னது அதில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ராக்கம்மா சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். நிறைமாதக்காரியையும் விடவில்லை, மெயின் ரோட்டையும் விடவில்லை. எனக்குச் சிங்களம் தெரியும் என்பதே அந்த அறையில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேயர் என்னைப் பார்க்கவில்லை, பாஷை ஐயாவைத்தான் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். பாஷை ஐயாவின் குரல் உயரவில்லை. பிள்ளை புதிது சேர், தோட்டத்து ஆட்கள் பேசுகிற விதம் அப்படி, சும்மா சொல்வதற்கும் அப்படித்தான் சொல்வார்கள், கருத்தை நான் சரியாகத்தான் சொன்னேன் என்றார். பிறகு ராக்கம்மாவிடம் திரும்பி, ஐயா கட்டாயம் செய்யிறன் எண்டு சொல்லுறார், கொஞ்சம் பொறுங்கோ என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்றவன் பெண்களை வெளியே அனுப்பினான். செயலாளர் என்னை என் இடத்துக்குப் போகச் சொன்னார்.

வாசலில் நான் ராக்கம்மாவைப் பிடித்து, மேயர் கட்டாயம் என்று சொல்லவில்லை அக்கா என்றேன். அவள் குழம்பிப் போனாள். வருஷக்கணக்காக எல்லாருக்கும் பேசித் தந்த பெரிய மனிதர் ஒரு பக்கம், நேற்று வந்த தட்டெழுத்துக்காரி ஒரு பக்கம். கூட வந்த பெண்கள் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். ரோட்டில் குந்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்னைக் கீழ்மாடி நூலகத்துக்கு மாற்றினார்கள்.

ஐப்பசி மழை வந்தது. விடாமல் பெய்த ஒரு நாள் முற்பகல் சுவர் விழுந்தது. பெண்கள் கொழுந்து மலையில் இருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ராக்கம்மாவின் புருஷன் மட்டும் மழைக்கு மரக்காலை திறக்காததால் வீட்டில் படுத்திருந்தார். அவரைத் தோண்டி எடுக்க அந்தி சாய்ந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு நான் போனேன். சரிந்த லயத்துக்கு எதிரே மழைக்குத் தறப்பாள் கட்டிப் பெட்டியை வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேயர் மலர்வளையத்தோடு வந்தார், பக்கத்தில் பாஷை ஐயா. மேயர் உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு ராக்கம்மாவிடம் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். இவ்வளவு ஆபத்து என்று ஒழுங்காகச் சொல்லியிருந்தால் நானே வந்து பார்த்திருப்பேனே, வசதிப்படும்போது செய்து தாருங்கள் என்றுதானே நீங்கள் கேட்டீர்கள், ஒரு சின்னப் பெண் எழுந்து ஏதோ சொன்னது, அதை நம்புவதா, உங்களுக்காகப் பேசுகிற இவரை நம்புவதா என்று சொன்னார்.

பாஷை ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, ஐயா மெத்தக் கவலைப்படுறார் அம்மா என்றார்.

ராக்கம்மா அழுது முடித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டு நேரம் பேசுனாரு. இம்புட்டுத்தானா? நீ சொல்லு புள்ள."

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். ராக்கம்மா பாஷை ஐயாவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் சொன்னத நீங்க சொல்லலியா அய்யா?"

"சொன்னனான் அம்மா. இதமாய்ச் சொன்னனான்."

"எம்புருசன் செத்துட்டான். அதையும் இதமாச் சொல்லிருங்க."

என்ன சொல்கிறாள் என்று மேயர் கேட்டார். பாஷை ஐயாவின் கைகள் முன்னால் கோத்துக்கொண்டன. நீங்கள் வந்தது பெரிய ஆறுதல் என்று சொல்கிறாள், சேர் என்றார்.

அதை நான் தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்களே பெட்டியைத் தூக்கினார்கள். வழுக்குகிற படிகளில் ஏறிப் போய் மெயின் ரோட்டின் நடுவில் இறக்கி வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். பசறை பஸ்ஸும் பண்டாரவளை பஸ்ஸும் எதிரெதிரே வந்து நின்றன. பொலிஸ் வந்தது. பாஷை ஐயா முன்னால் வந்தபோது ராக்கம்மா கையை நீட்டி, இவர் வேண்டாம் என்றாள். மேயருக்கும் அவளுக்கும் நடுவில் நான் நின்றேன். ஒங்க மண்ணுதான் கொன்னுச்சு என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு மேயரிடம் பேசுகிற பேச்சா இது என்று அவர் கத்தியதையும் அப்படியே சொன்னேன். எங்கள் சனம் தங்கமான மனுசனின் சொந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டது. பெரிய கூச்சலாகிவிட்டது. ஆனால் கதவு ஒன்றும் சாத்தப்படவில்லை. பொழுது சாயுமுன் மிச்சக் குடும்பங்களை நகர மண்டபத்துக்குக் கொண்டுபோக மேயரே லொறி அனுப்பினார். மறுநாள் மண் அள்ள இயந்திரம் வந்தது. வீடு கட்டக் காணித்துண்டுகள் கிடைக்கச் சில வருஷம் எடுத்தது. எல்லாருக்கும் கிடைக்கவும் இல்லை. ராக்கம்மாவுக்குக் கிடைத்தது.

பாஷை ஐயா அதன் பிறகும் ஓய்வு பெறும்வரை புதன்கிழமைகளில் மேலே போய்க்கொண்டுதான் இருந்தார். வேறு யாரை வைப்பது, நாற்காலி வெற்றிடம்தானே. என்னை அந்த அறைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒதுங்கிக்கொள்வோம்.

சில வருஷங்களுக்குப் பிறகு பதுளை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். இன்னும் மெலிந்திருந்தார். கூடவே வயதான பெண் ஒருவர். அவருடைய அக்கா என்றும், காது சரியாகக் கேட்காது என்றும், இப்போது தன்னோடுதான் இருக்கிறார் என்றும் சொன்னார். என் வேலையைப் பற்றி விசாரித்தார். நான் சுருக்கமாகப் பதில் சொன்னேன். பிறகு அவராகவே கேட்டார்.

"என்னில இன்னும் கோவமோ, பிள்ளை?"

"ஆமாங்க சேர். போகல. போகும்னும் தோணல."

அவர் தலையை ஆட்டினார். என்ன கதைக்கிறா என்று அக்கா அவருடைய கையைத் தட்டிக் கேட்டார். அவர் குனிந்து அக்காவின் காதுக்குள், என்னோட வேலை செய்த பிள்ளை, நாங்கள் சுகமாய் இருக்கவேணும் எண்டு சொல்லுது என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கி என் தலையில் வைத்து, நல்லாயிருக்க வேணும் மேனை என்று வாழ்த்தினார்.

டிரைவர் லுணுகலை பஸ்ஸை எடுக்கப் போகிறான் என்று தெரிந்தும் நான் நகரவில்லை. குனிந்து, அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"நான் அப்படிச் சொல்லலீங்கம்மா. ராக்கம்மான்னு ஒருத்தங்க சொன்னத உங்க தம்பி மாத்திச் சொன்னாரு. அவங்க புருசன் செத்துப்போனாரு. இவர் மேல எனக்கு இன்னும் கோவம்னுதான் சொன்னேன்."

அந்த அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார். நான் காத்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.